காலை நாலே முக்கால் மணிப் பதிவு

இந்த வாடிக்கையாளர் அழைப்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். வந்தேன், பேசினேன். கடைசி வரிசையில் இருவர் தூங்கினார்கள். மதிய உணவுக்குப் பிறகு வைத்தால் அப்படித்தான். பேச்சில் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். விழித்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

அழைப்பை எப்படி எடுப்பது, எந்தத் திரையில் எதைத் தட்டுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். அதற்கு முன் பதினாறு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். மாவட்டப் பக்கத்தை நிறுத்தினார்கள், இங்கே வந்தேன். அங்கே வாசகர் கோபத்தைக் கடிதத்தில் படித்தேன், இங்கே காதில் கேட்டேன். வேலை பெரிதாக மாறவில்லை.

பாட்டு, உடற்பயிற்சி, ஜாதகம், குழந்தைகளுக்கான பாடம் என்று பல செயலிகளுக்கு நாம் ஒரே இடத்திலிருந்து பதில் சொல்கிறோம். எல்லாவற்றிலும் முதல் வாரம் இலவசம்; சேரும்போது கணக்கை உறுதிசெய்ய ஒரு ரூபாய் மட்டும் எடுப்பார்கள். எட்டாம் நாள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகும். ஒன்பதாம் நாள் நமக்கு அழைப்பு வரும். “நான் எதிலயும் சேரவே இல்லையே, எப்படிங்க எடுத்தீங்க?” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை குரலில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அழைப்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. பேருந்தில் நின்றுகொண்டே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்கள். ஏழாம் நாள் மறந்திருப்பார்கள். அந்த மறதியை எதிர்பார்த்துத்தான் எட்டாம் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. இது ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வந்த ஞானம் அல்ல. வேலையில் இருந்தபோதே கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், குறிப்பேட்டில் ஏற்றவும் செய்தார்கள்.

ஆனாலும் நம் கையில் ஒரு ஆயுதம் உண்டு. பயன்பாட்டுப் பதிவு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்தப் பகுதி என்று எல்லாம் திரையில் வரும். “யாருமே தொடலை” என்று சண்டை போடுகிறவரிடம் அதில் இரண்டு வரி வாசித்தால் போதும், மறுமுனை அடங்கிவிடும். உங்களுக்கும் முதல் வாரத்திலேயே யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நான் அதில் கெட்டிக்காரி.

என் இரண்டாம் ஆண்டில் ஐயப்பன்தாங்கலில் இருந்து ஒருவர் அழைத்தார். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் செயலிக்கு அவர் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை என்று பத்து நிமிடம் கத்தினார். நான் நிதானமாக வாசித்தேன். “இருபது நாளா தினமும் மத்தியானம் ரெண்டே கால்ல இருந்து மூணு மணி வரைக்கும் பயன்படுத்தியிருக்காங்க சார். கடைசியா எடுத்த பாடம், நேர்காணலுக்குத் தயாராவது எப்படி.”

அவர் “ரெண்டே காலா?” என்று மட்டும் கேட்டார். வைத்துவிட்டார். அந்த அழைப்புக்குத் தரப் பரிசோதனையில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அடுத்த வாரம் அதே எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். “அன்னிக்கு என் வீட்டுக்காரர்கிட்ட டைம் எல்லாம் படிச்சுச் சொன்னது நீங்களா?” ஆமாம் என்றேன். “நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லைங்க. திங்கக்கிழமை இன்டர்வியூ இருந்துச்சு. போகல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.” அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன்.

எனக்குப் பழைய செய்தி ஆசிரியர் ஞாபகம் வந்தார். நாளிதழில் சேர்ந்த புதிதில் ஒரு பேருந்து விபத்துச் செய்தி எழுதினேன். காயம்பட்டவர் பெயர், வயது, வேலை பார்க்கும் இடம் எல்லாம் சரியாக விசாரித்திருந்தேன். அவர் வேறொரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்திருந்தேன். செய்தி ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பில் அடித்தார். “உண்மை சார், அவரே சொன்னார்” என்றேன். “உங்கிட்ட சொன்னார். அவர் முதலாளிகிட்ட சொல்லல. ஏற்கெனவே கால் உடைஞ்சிருக்கு, வேலையும் போகணுமா?” என்றார். அன்று சிரித்தேன். ஐயப்பன்தாங்கல் பெண் வைத்த பிறகுதான் எனக்கு அது முழுதாகப் புரிந்தது.

இனி நான் சொல்ல வந்தது.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது முற்றிப்போன புகார்களைக் கையில் எடுக்கும் மேசையில் இருந்தேன். எனக்கு இடப்பக்கம் தினேஷ். சேர்ந்து மூன்று வாரம். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா தொழிற்சாலையில் வேலை. தெளிவாகப் பேசுவான், வேகம் அதிகம். அன்று பிற்பகல் அவனுக்கு வந்த அழைப்பின் சத்தம் என் காது வரை கேட்டது.

அழைத்தவர் பெயர் ஜெரால்டு. பாரிவாக்கம். குழந்தைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுத்தரும் செயலிக்கு அவருடைய அப்பாவின் கணக்கிலிருந்து ஓராண்டுச் சந்தா போயிருந்தது. ஐந்து வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்கான செயலி அது. ஒரு பச்சைக் கிளி எழுத்தைக் காட்டும், பிள்ளை வாசிக்க வேண்டும், சரியாக வாசித்தால் கிளி இறக்கையை அடித்துக்கொள்ளும்.

“இன்னா சார் வெளாட்றீங்களா? எங்க ஊட்ல கொழந்தையே கெடையாது. எங்க அக்காவுக்கே அடுத்த மாசந்தான் கல்யாணம். மண்டபத்துக்கு வெச்சிருந்த துட்டு சார் அது!”

“சார், உங்க அப்பா நம்பர்லதான் பதிவாகியிருக்கு.”

“எங்கப்பா மேஸ்திரி சார். ஊடு கட்றவரு. எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்தக் கோடு மாதிரி இழுப்பாரு. ஃபோன்ல பச்ச பட்டன அமுக்கிப் பேசத் தெரியும், அவ்ளோதான். அவருக்கு வர்ற மெசேஜ்கூட ஞாயித்துக்கிழமை நான்தான் படிச்சுச் சொல்லுவேன். அவரு போயி அனா ஆவன்னா ஆப்ல சேந்தாராமா?”

தினேஷ் திரையைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். என் முகத்திலும் ஒரு காலத்தில் வந்திருக்கிறது.

“சார், யாரும் பயன்படுத்தலன்னு சொல்றீங்க. ஆனா தினமும் காலைல நாலே முக்கால் மணிக்கு...”

நான் நாற்காலியோடு நகர்ந்து அவன் திரையில் ஒலியை நிறுத்தினேன். தினேஷ் திடுக்கிட்டுப் பார்த்தான்.

“மேடம், நான் சரியாத்தான சொல்றேன்?”

“சரிதான். ஹெட்செட்டை எங்கிட்ட குடு.”

அவன் கழற்றித் தருவதற்குள் அந்தப் பதிவை நான் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் நாலே முக்காலில் தொடங்கி ஐந்தரைக்குள் முடிகிறது. ஒருநாளும் மாலையில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை நாலே முக்காலுக்கு எழுந்திருக்காது. இன்னொன்றும் இருந்தது. எட்டாம் பாடத்தைப் பத்தொன்பது முறை திரும்பப் படித்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு பாடம் வரவில்லையென்றால் இரண்டு தடவை பார்ப்பார்கள், அப்புறம் தாண்டி அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். பத்தொன்பது முறை ஒரே இடத்தில் முட்டுவது வளர்ந்த மனிதரின் பிடிவாதம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார் என்று ஜெரால்டே சொல்லிவிட்டார்.

ஒலியைத் திறந்தேன்.

“வணக்கம் சார், நான் இங்க மூத்த அதிகாரி பேசறேன்.”

“இன்னா மேடம், நாலே முக்கால்னு இன்னாவோ சொல்ல வந்தாரு, புடிங்கி வெச்சிட்டீங்க?”

“கணக்கு உங்க அப்பா பேர்ல இருக்கு. அதுல இருக்கற விவரத்தை அவர்கிட்ட மட்டும்தான் பேச முடியும். அவர் சொல்லக் கூடாததைச் சொல்ல ஆரம்பிச்சிட்டார். அது எங்க தப்பு.”

“அப்போ என்னமோ கீது. மறைக்கிறீங்க.”

“உங்க அப்பா கணக்கை உங்ககிட்ட மறைக்கிறேன், ஆமா. நாளைக்கு உங்க கணக்கைப் பத்தி வேற யாராவது கேட்டாலும் மறைப்பேன்.”

ஒரு கணம் யோசித்தார். பிறகு இன்னும் சூடாகிவிட்டார். மறுநாள் மாலைக்குள் பணம் வரவில்லையென்றால் வீடியோ போடுவேன் என்றார். படிக்கத் தெரியாத கொத்தனாரிடம் குழந்தைகள் பாடத்தை விற்றார்கள் என்று தலைப்பே சொன்னார். நல்ல தலைப்பு. பழைய வேலையில் இருந்திருந்தால் நானும் அதையே வைத்திருப்பேன்.

“ஃபோன்ல ஒரு கிளி படம் கீது. விளம்பரத்துல தானா எறங்கிச்சி போல. ராத்திரி ஊட்டுக்குப் போய் அத மொதல்ல தூக்கறேன்.”

“புகார் முடியற வரைக்கும் தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க சார். அதுதான் உங்க சாட்சி.”

அது உண்மையும்கூட. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அடுத்து மேலாளர் அழைத்தார். வீடியோ என்ற சொல் அழைப்பில் வந்தாலே அவர் திரையில் சிவப்பு விளக்கு எரியும். “பணத்தைக் குடுத்து மூடிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை” என்றார்.

நீங்களும் அதையே நினைப்பீர்கள். பணம் திரும்பக் கிடைத்தால் புகார்தாரருக்கு மகிழ்ச்சி, நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் நம் முறை என்ன? பணத்தைத் திருப்பினால் கணக்கு தானாக மூடிக்கொள்ளும். படித்த பாடங்கள் அழியும். அந்த எண்ணில் மீண்டும் சேர ஆறு மாதம் ஆகும். எட்டாம் பாடத்தைப் பத்தொன்பது தடவை முட்டித் தாண்டியவர் மறுநாள் நாலே முக்காலுக்குத் திறந்து பார்ப்பார், கிளி இருக்காது. ஏன் இல்லை என்று யாரிடம் கேட்பார்? தனக்கு வரும் செய்திகளைப் படித்துச் சொல்லும் மகனிடமா?

“கணக்குக்காரர்கிட்ட பேசாம மூட மாட்டேன்” என்றேன். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன். முடியலன்னா என் பேர்ல எழுதிக்குங்க.”

“நீங்க ரிடையர் ஆகப்போறீங்க மேடம், உங்களுக்கு என்ன” என்றார். அதுவும் சரிதான். அந்தத் துணிவில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நான் விதியை மீறவில்லை. கணக்குக்காரரின் சம்மதம் இல்லாமல் கணக்கை மூடக் கூடாது என்பதும் விதிதான். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற விதி.

மறுநாள் பதினொன்றுக்கு அந்த எண்ணை அழைத்தேன். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மகன் வேலையில் இருப்பார், மேஸ்திரி கட்டட வேலை நடக்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். எடுத்ததும் கலவை இயந்திரத்தின் இரைச்சல்.

“யாரு?”

செயலியின் பெயரைச் சொன்னேன். கிளி என்றேன். இரைச்சல் குறைந்தது, அவர் நடந்து தள்ளி வருகிறார் என்று தெரிந்தது.

“பையன் பேசிட்டானா?” குரல் தாழ்ந்திருந்தது. “அவங்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“எதையும் சொல்லலைங்க. உங்க கணக்கு. உங்ககிட்டதான் பேசுவேன்.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவர் பெயர் அந்தோணிசாமி. சென்னீர்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் யாரையும் ஏமாத்தலம்மா. ஒரு ரூபான்னுதான் காட்டிச்சி. நம்பர் எனக்கு நல்லாத் தெரியும். பிளான்ல முக்கால் இஞ்சு தப்பாப் போட்டா இஞ்சினியருக்கே நான்தான் சொல்லுவேன். ஒன்னுன்னு போட்டிருந்தது, பின் நம்பர் அடிச்சேன். அதுக்குக் கீழ எறும்பு ஊர்ற மாதிரி இன்னாவோ எழுதியிருந்தது. அத்தப் படிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கும்மா இதுல சேரப்போறேன்?”

பதினோரு ஆண்டுகளில் நம் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் எச்சரிக்கைச் செய்தி அனுப்பியிருந்தோம். ஆங்கிலத்தில். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததாக நம் திரை பச்சை நிறத்தில் காட்டியது.

“எதுக்காகப் படிக்கறீங்கன்னு நான் கேக்க வேண்டியதில்ல” என்றேன். “பணம் வேணுமா, பாடம் வேணுமா, அத மட்டும் சொல்லுங்க.”

அவரே சொன்னார். கேட்காமல் விட்டால்தான் சிலர் சொல்வார்கள்.

“பொண்ணு கல்யாணம். கோயில்ல பூசையில முதல் வாசகம், பைபிள்ல இருந்து, ஊட்டு ஆளுங்க யாராவது படிக்கணும். ஃபாதர் வந்து யாரு படிக்கிறீங்கன்னு கேட்டாரு. எம் பொண்ணு ஒடனே ‘தம்பி படிப்பான் ஃபாதர்’ன்னுச்சி. கரெக்ட்டுதான். அவன் டிப்ளமா. ஆனா யாருமே என்னத் திரும்பிக்கூட பாக்கலம்மா. பாத்துட்டு வேணாம்னாகூட சரின்னு உட்டிருப்பேன்.”

பின்னால் யாரோ “மேஸ்திரி, ஜல்லி போடவா?” என்று கத்தினார்கள். “போட்றா, என் தலைல போடாத!” என்று பதிலுக்குக் கத்திவிட்டு மீண்டும் வந்தார்.

“ஃபாதருக்கு மட்டும் தெரியும். பதினோரு வரி. பாதி வந்துடுச்சி. இன்னும் ஆறு பாடம் பாக்கி. அந்தக் கிளி போயிடுமா?”

திருமணத்துக்கு இருபத்தோரு நாள் இருந்தது. என் மேசைக்கு இருந்த அதிகாரங்களில் ஒன்று, இலவசக் காலத்தை முப்பது நாள் வரை நீட்டிப்பது. விட்டுப்போகிற வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கத்தான் அதைக் கொடுத்திருந்தார்கள். பணத்தைத் திருப்புவது, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை நீக்குவது, கணக்கை மூடாமல் முப்பது நாள் நீட்டிப்பது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நீட்டிப்பை முதலில் போட்டுவிட்டால், பணத்தைத் திருப்பினாலும் கணக்கு மூடாது. யாரும் செய்ததில்லை, அவ்வளவுதான். அவருடைய சம்மதம் மட்டும் வேண்டும்.

“கிளி போகாது” என்றேன். “நான் இப்ப மூணு வரி படிக்கறேன். கேட்டுட்டு சரின்னு சொல்லுங்க.”

“நீ படிக்காதம்மா.”

“ஏங்க?”

“அனுப்பு. நானே படிக்கிறேன். போன தபா படிக்காமத்தான் மாட்டிகினேன்.”

மூன்று வரிகளைத் தமிழில் தட்டி அவர் எண்ணுக்கு அனுப்பினேன். அவர் அழைப்பைத் துண்டிக்காமல் வாசிக்கத் தொடங்கினார்.

உங்களுக்குத் தெரியும், ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம். அதற்கு மேல் போனால் திரையின் ஓரத்தில் நேரம் சிவப்பாகும். எனக்கு ஏற்கெனவே சிவப்பாகி இருந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக ஏறினார். “எடு... எடுத்த... ப... பண... பணம். எடுத்த பணம்.” நின்றார். மூச்சு வாங்கினார். “திரு... திரும்ப... உங்கள்... கண... கணக்...” நான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. உதடுகளை இறுக்கிக்கொண்டேன். தினேஷ் தன் நாற்காலியைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “கணக்குக்கு... வரும்!” என்று அவர் முடித்தபோது பின்னால் கலவை இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவர் அதைவிடச் சத்தமாக அடுத்த வரியைத் தொடங்கினார்.

மூன்றாம் வரி, முப்பது நாளுக்குப் பிறகு பணம் எடுக்கப்படாது என்பது. அதையும் முட்டி முட்டி முடித்தார். பிறகு, “இத்த அன்னிக்கே இவ்ளோ பெருசா போட்டிருந்தா இன்னாம்மா கொறஞ்சி போயிடும்?” என்றார்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறேன் என்றேன்.

“சரி. எனக்குச் சம்மதம். எழுதிக்கோ. அந்தோணிசாமி படிச்சிப் பாத்து ஒத்துகினாரு.”

அப்படியே எழுதினேன். அழைப்பு இருபத்து மூன்று நிமிடம். விதிமுறையை ஒரு வாடிக்கையாளர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அவர் கேட்டதை அறிக்கையாக எழுதி அந்தச் செயலியின் நிறுவனத்துக்கு அனுப்பினேன்: ஒப்புதல் தமிழில், பெரிய எழுத்தில், குரலிலும் இருக்க வேண்டும், முதல் நாளே இருக்க வேண்டும். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. நான் ஓய்வுபெறும்வரை பரிசீலித்தார்கள். உங்களில் யாராவது அந்த அறிக்கையைத் தேடியெடுத்து மறுபடி அனுப்புங்கள்.

பணம் போய்ச் சேர்ந்த அன்று ஜெரால்டு அழைத்தார்.

“இன்னா மேடம், வீடியோன்னதும் பயந்துட்டீங்களா?”

“எங்க தப்பு இருந்துச்சு சார். திருப்பிட்டோம்.”

“அப்டி வாங்க வழிக்கு. அந்தக் கிளிய இப்ப தூக்கிடலாமா?”

“அது உங்க அப்பா ஃபோன். அவரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.”

“அவர இன்னாத்த கேக்கறது” என்று சிரித்தார். இரவு கேட்டிருக்க வேண்டும். எந்தப் பதில் கிடைத்ததோ, மறுநாள் நாலே முக்காலுக்குச் செயலி திறக்கப்பட்டிருந்தது. அந்த ஒருநாள் மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க எனக்கு வேலை இல்லை, பார்க்கவில்லை.

பணம் திரும்பிய அன்று மாலை தினேஷ் கேட்டான். “மேடம், நான் முழுசா வாசிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“நீ ஜெயிச்சிருப்ப” என்றேன். ஐயப்பன்தாங்கல் கதையை அவனுக்குத்தான் முதலில் சொன்னேன்.

ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, என் கடைசி மாதத்தில், கீழ்மாடியிலிருந்து ஒரு அழைப்பை மாற்றிவிட்டார்கள். “உங்களைத்தான் கேக்கறாரு மேடம். சண்டை போட்ட மேடம் வேணுமாம்.”

ஜெரால்டு. குரலில் பழைய சூடு இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அக்காவின் திருமணம் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னார். நான் வாழ்த்துச் சொன்னேன்.

“பூசையில முதல் வாசகம் நான் படிக்கறதா இருந்துச்சி மேடம். எழுந்திரிக்கறேன், அப்பா என் தோள அமுக்கி உக்கார வெச்சிட்டு அவரு போறாரு. எனக்கு ஒன்னும் புரியல. அம்மா என் கைய புடிச்சிகினாங்க. மைக்காண்ட நின்னு ஆரம்பிச்சாரு. மெதுவாத்தான். நடுவுல ஒரு எடத்துல நின்னுட்டாரு. மூச்சு மட்டும் மைக்குல கேக்குது. கோயிலே கம்முனு கீது. எனக்கு அந்த வார்த்த தெரியும் மேடம், உக்காந்த எடத்துலேர்ந்து சொல்லிடலாம். வாயத் தொறந்துட்டேன். அப்புறம் இன்னாவோ, மூடிக்கினேன்.”

“அப்புறம்?”

“தாண்டிட்டாரு.”

அடுத்து அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மேடம், அன்னிக்கி உங்க ஆளு காலைல நாலே முக்கால்னு ஒன்னு ஆரம்பிச்சாரே. அது எங்கப்பாதான?”

பதிவு இன்னும் எங்களிடம் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் வந்துவிடும். அவருக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை.

“கணக்கு உங்க அப்பா பேர்ல இருக்கு சார். அவரைத் தவிர யார்கிட்டயும் எங்களால சொல்ல முடியாது.”

மறுமுனையில் அவர் சிரித்தார். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

“சொல்லாதீங்க மேடம். நான் கேட்டேன்னும் அவர்கிட்ட சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.”

அழைப்பு முடிந்ததும் அதன் வகையைத் திரையில் குறித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியலில் பன்னிரண்டு வகை இருந்தது. பணம் திருப்பக் கோரிக்கை, சந்தா நீக்கம், தொழில்நுட்பக் கோளாறு, மிரட்டல் என்று எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ‘மற்றவை’ என்று குறித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.